பித்தளைக் கோதும் பழப்புளியும்

1

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. வேலை முடிந்து வந்து படி ஏறும்போதே மீன் குழம்பு மணத்தது. எங்கள் கட்டடத்தில் மீன் குழம்பு வைக்கிற ஒரே குடும்பம் நாங்கள்தான். வைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்றும் அதுவரை நினைத்திருந்தேன். கதவைத் திறந்து, குசினிச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். அதனால்தான் நேரம் நினைவில் நிற்கிறது.

பதினான்கு வயது மகள் வாணி, என் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு அகப்பையோடு நின்றாள்.

"கையைக் கழுவிட்டு வந்து இருங்கோ. ஒண்டும் கேக்கக் கூடாது."

அன்று எங்கள் திருமண நாள். எனக்கே அது மறந்துபோயிருந்தது. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அவள் சோறு போட்டு, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினாள். முதல் வாய் வைத்தேன்.

நாக்கின் அடியில் பழைய செப்புக் காசொன்றை வைத்தது போல ஒரு கைப்பு. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கிடந்தால் களிம்பு ஏறும் என்பது எங்கள் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்தச் சுவை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாயில் இருந்ததைக் கையில் துப்பினேன்.

"புளி எங்காலை எடுத்தனி?"

"சன்னலுக்குக் கிட்ட, ஐஸ்கிறீம் டப்பாவில. நீங்கள் கரைச்சு வச்சிருந்தீங்கள்தானே?"

"நீ சாப்பிட்டனியோ?"

"ஓம், பசிச்சது. ஒரு கோப்பை சாப்பிட்டன். ஏனம்மா, சரியில்லையோ? கொஞ்சம் கைச்சது எண்டு இன்னும் புளி விட்டனான்."

அந்த டப்பாவில் இருந்தது சமையலுக்கான புளி அல்ல. இருநூறு துப்பாக்கி ரவைகளின் வெற்றுப் பித்தளைக் கோதுகள் அந்தத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறியிருந்தன.

2

இந்த இடத்தில் ஊரில் உள்ளவர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதிய எல்லாக் கடிதங்களிலும் நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொல்லியிருந்தேன். மணிக்கூட்டுக்குப் பேர்போன லா ஷோ-து-ஃபோன் என்ற இந்தச் சுவிஸ் மலையூரின் பெயரைச் சொன்னால் வேறு எதையும் யாரும் நம்பவும் மாட்டார்கள். பதினாறு வருடம் பெண் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் மணிக்கூட்டுக்குள் நுண்ணிய சில்லுகளைப் பூட்டுகிறாள் என்பது கேட்க நன்றாகவும் இருக்கும். என் தங்கை மறுகடிதத்தில், "அக்கா, எனக்கொரு கைமணிக்கூடு" என்று கேட்டபோது கடையில்தான் வாங்கி அனுப்பினேன்.

உண்மையில் நான் செய்தது பழைய ரவைகளைப் பிரிக்கிற வேலை.

முசியே றொபேர் என்பவருடைய பட்டறை, மணிக்கூட்டு உறை செய்த ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருந்தது. அவருடைய தகப்பன் காலத்தில் அங்கே முப்பது பேர் வேலை செய்தார்களாம். பற்றரியில் ஓடும் மலிவு மணிக்கூடுகள் வந்த பிறகு மிஞ்சியது அவரும் மேசைகளும்தான். அவர் ஏதோ ஒரு நாட்டு இராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கி ரவைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரித்து, பித்தளையை ஒரு பக்கமும் ஈயத்தை ஒரு பக்கமும் விற்கத் தொடங்கினார். அவரோடு நானும், பிலார் என்ற ஸ்பானியப் பெண்ணும்.

வேலை கடினமானதல்ல, ஆனால் கவனம் வேண்டும். மேசையில் பூட்டிய கைக்கருவியில் ரவையை வைத்து நெம்பினால் முன்னால் உள்ள குண்டு கழன்று வரும். அது ஒரு வாளிக்குள். கோதைக் கவிழ்த்தால் உள்ளிருக்கும் வெடிமருந்து கொட்டும். அது தண்ணீர் நிரம்பிய தகர உருளைக்குள். மிஞ்சுகிற பித்தளைக் கோதின் அடியில் ஒரு சிறு கிண்ணி பதிந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி தட்டி வெடிக்க வைப்பது அதைத்தான். இங்கே அதை அமோர்ஸ் என்பார்கள். அதில் மட்டும் எங்களைக் கைவைக்க விடமாட்டார் முசியே றொபேர். இரும்புத் தகட்டுக்குப் பின்னால் நின்று தானே எடுப்பார்.

நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. பணிவுக்காக அதை மறைக்கத் தேவையில்லை. மூன்றாம் நாளே, மருந்தின் மணத்தை வைத்து எந்தப் பெட்டி நல்லது, எது கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டேன். நல்ல மருந்துக்கு மணம் குறைவு. கெட்டது புளித்துப்போய் மூக்கில் குத்தும். முசியே றொபேருக்கு ஒரு பெட்டியைத் தள்ளிவைத்துக் காட்டி, என்னிடம் இருந்த பிரெஞ்சில், "இது கூடாது. இது கோபம்" என்றேன். அவர் மணந்து பார்த்துவிட்டு, அன்று முழுவதும் அந்தப் பெட்டியை வெளியே பனிக்குள் வைத்திருந்தார். அதன் பிறகு என்னை மடாம் என்று கூப்பிடத் தொடங்கினார். பிலாரை அவர் பிலார் என்றுதான் கூப்பிடுவார். அவள் அதைச் சொல்லி என்னைச் சீண்டுவாள்.

"மடாம் புரொபெசர், உங்கட மூக்கை எனக்கு ஒரு கிழமைக்குத் தாறீங்களா? என்ர புருசன் எங்க குடிச்சிட்டு வாறான் எண்டு பிடிக்கவேணும்."

நீங்கள் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். எதற்காக ஊரை விட்டு ஓடி வந்தாயோ, அதையே கையில் எடுக்க மனம் எப்படி வந்தது? எனக்கு மனம் நன்றாகவே வந்தது. போர் நடந்த ஊரில் ரவை என்பது சத்தம் மட்டும்தான். இங்கே அது என் கைக்குள் அடங்கி, மூன்று துண்டாகி, இனி யாரையும் எதுவும் செய்ய முடியாததாகி வாளிக்குள் விழும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். சில மாலைகளில் படி ஏறும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் சித்தியடைந்த நாள் போல இருக்கும்.

3

வசந்த காலத்தில் வந்த சுமைதான் மோசமானது. எங்கேயோ ஈரத்தில் கிடந்த சரக்கு. கோதுகளில் பச்சைக் களிம்பு மொத்தமாகப் பிடித்திருந்தது. பல கோதுகளின் கழுத்து வெடித்திருந்தது. வெடிக்காதவற்றைத் தெரிந்து, மருந்தை மறுபடி நிரப்பிச் சுடுவதை விளையாட்டாகச் செய்பவர்களுக்கு விற்கலாம் என்பது முசியே றொபேரின் கணக்கு. இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போவது போலத் துப்பாக்கியோடு சைக்கிளில் போவார்கள். ஆனால் அவர்களுக்குப் பளபளப்பான கோது வேண்டும். பச்சை பிடித்ததை யாரும் தொடமாட்டார்கள்.

முசியே றொபேர் இரண்டு விதமான பசைகளை வாங்கிப் பார்த்தார். சரிவரவில்லை. நான் ஆறு கோதுகளை அவரிடம் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, குத்துவிளக்கு மினுக்குவது போலக் கறிக்குப் பிழிந்த புளிச் சக்கையால் தேய்த்தேன். திங்கட்கிழமை அவற்றை அவர் மேசையில் வரிசையாக நிறுத்தினேன். அவர் பழைய பழக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எதாலே?" என்று கேட்டார்.

எனக்குப் பிரெஞ்சில் புளிக்குப் பெயர் தெரியாது. அடுத்த நாள் ஒரு உருண்டை கொண்டுபோனேன். அவர் மணந்து, நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தார். பிலார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை எங்கட ஊரில குதிரை வண்டிக்குப் பின்னால கூட்டி அள்ளுவம்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை முசியே றொபேர் ஒரு மரப்பெட்டி நிறையக் கோதுகளைத் தன் காரில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. இந்த மலைகளில் பாட்டன் காலம் தொட்டு மணிக்கூட்டு வேலை வீடுகளில்தான் நடந்தது. பெண்கள் சன்னலோரம் இருந்து சில்லு தேய்த்தார்கள். அவருடைய தாயும் அப்படித்தான் செய்தாராம். எங்கள் குசினிச் சன்னலைப் பார்த்ததும், "நல்ல வெளிச்சம்" என்று அவர் சொன்னதற்கு அதுதான் பொருள்.

இவருக்கு, என் கணவருக்கு, அது பிடிக்கவில்லை. இவர் ஊரில் தபாலதிபர். இங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிறார். அரசாங்கம் தந்த எந்தக் கடதாசியையும் மூன்று தரம் படிப்பவர்.

"இஞ்சரும், வேலைப் பெர்மிட்டில என்ன போட்டிருக்கு? ஒரு முதலாளி, ஒரு விலாசம். எங்கட குசினி அந்த விலாசமோ?"

"கோது மினுக்கிறதும் ஒரு வேலையோ? ஏனம் கழுவுறது போலத்தான்."

"நான் ஏனம் கழுவுறதுக்கும் பெர்மிட் வச்சிருக்கிறன்."

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராத காலம். இவர் சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்ற நாட்களுக்குப் பிறகு, என் படிப்பில் இருந்து வந்த ஒன்றை யாரோ வேண்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெட்டியை உள்ளே இழுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை மினுக்கத் தொடங்கினேன். செய்முறையில் நான் மிகக் கவனம். கையுறை போட்டேன். கோதுக்கென்று தனி வாளி, தனித் தூரிகை. ஆனால் இந்த ஊரில் பழப்புளி கிடையாது. சூரிச்சில் இருந்து யாராவது வரும்போது கொண்டுவர வேண்டும். அதனால் ஊறின தண்ணீரை நான் ஊற்றவில்லை. இன்னொரு தரம் பாவிக்கலாம் என்று, கோதுகளை எடுத்துவிட்டு, அதை வடித்து ஐஸ்கிறீம் டப்பாவில் மூடி வைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாமே ஐஸ்கிறீம் டப்பாதான். பருப்பு, மிளகாய்த்தூள், ஊசி நூல், பெர்மிட் கடதாசி, எல்லாம். என் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி போத்தலில் பெயர் எழுதி ஒட்டாமல் விட்டால் அவளை வெளியே நிற்க வைத்திருப்பேன்.

4

வாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. ஆறு மாதத்தில் பிரெஞ்சு பேசினாள், ஒரு வருடத்தில் பிரெஞ்சில் கனவு கண்டாள். பள்ளிக்கூடம், கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகம், பல் டாக்டர், எங்கே போனாலும் எங்களுக்காகக் கதைக்கிறது அவள்தான். அதனாலேயே வீட்டில் எங்களோடு கதைக்கிறது குறைந்துபோயிற்று. சாப்பாடு இன்னும் மோசம். பாணும் பாற்கட்டியும் மட்டும் தின்பாள். குழம்பு வைத்தால் தன் குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டுபோய் அறைக்குள் பூட்டுவாள். அதில் மணம் பிடித்தால் பள்ளிக்கூடத்தில் பெட்டையள் மூக்கைப் பொத்துகிறார்களாம்.

நான் இரவில் கண்ணை மூடும் முன் நினைக்கிறது இதைத்தான்: இவள் என் கையை விட்டுப் போகிறாள், எவ்வளவு தூரம் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாணிதான் அன்று எங்கள் திருமண நாளை நினைவு வைத்து, தன் கைக்காசில் மீன் வாங்கி, யாரையும் கேட்காமல் சமைத்தாள். புளி கரைக்க அவளுக்குத் தெரியாது. அம்மா மண்ணிறத் தண்ணீர் ஒன்றை டப்பாவில் இருந்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான்.

5

நான் துப்பிய கையைக் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். வாந்தி பச்சையாக வந்தது. பயந்தாலும் என் தலை தெளிவாக இருந்தது: செப்பு உப்பு வாந்தி எடுக்க வைக்கும், அது நல்லது, வரட்டும். பயம் செப்பில் இல்லை. ரவையில் வேறு என்னென்ன இருந்தன என்பதில்தான் பயம். குண்டில் ஈயம். பழங்கால அமோர்ஸுகளில் பாதரசமும் இருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஈரத்தில் பழுதாகிப்போன சரக்கில் எது எதற்குள் கசிந்தது என்று யார் கண்டது?

அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான். வாந்திக்கும் வாந்திக்கும் இடையில், சுவரில் சாய்ந்துகொண்டு, விலாசத்தை ஒழுங்காகச் சொன்னாள். நான் அந்த டப்பாவை மூடி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

வைத்தியசாலையில் இளம் டாக்டர் ஒருவர். வாணிக்குக் கையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள். அவர் அவளிடம் கேட்க, அவள் என்னிடம் கேட்க, நான் சொல்ல, அவள் அவருக்குச் சொன்னாள். தனக்கு என்ன நடந்தது என்பதைத் தானே மொழிபெயர்த்தாள்.

"அம்மா, இது என்ன தண்ணி எண்டு கேக்கிறார்."

"புளியும் பித்தளையும் எண்டு சொல்லு."

"என்ன பித்தளை எண்டு கேக்கிறார்."

நான் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தாதி ஒரு படிவத்தை நீட்டியபடி நின்றாள். அதில் மூன்று பெட்டிகள். வாணி வாசித்தாள்: "வீட்டில நடந்ததோ, வேலையில நடந்ததோ, வேறயோ. எந்தப் பெட்டியில புள்ளடி போடட்டாம்?"

வீடு என்று போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. நடந்ததும் வீட்டில்தான். பழைய பித்தளை விளக்கு என்று சொல்லலாம், அவர்களும் நம்புவார்கள். வேலை என்று போட்டால் யாருடைய வேலை, எந்த விலாசம் என்று கேட்பார்கள். அந்தக் கடதாசி கொம்யூனுக்குப் போகும், அங்கேயிருந்து எங்கள் விண்ணப்பக் கோவைக்குப் போகும். முசியே றொபேர், தான் அப்படி எதையும் தரவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய் சொன்ன அகதிகள் நாங்கள்தான்.

வாணி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது.

"அம்மா, கெதியாச் சொல்லுங்கோ. நான் எதையும் சொல்லுவன். எது உண்மை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"துப்பாக்கி ரவைக் கோது எண்டு சொல்லு. முதலாளி மினுக்கத் தந்தது எண்டு சொல்லு. ஈயம் இருக்கலாம். பாதரசம் இருக்கலாம், எனக்குத் தெரியாது." பேனையை வாங்கி, நடுப்பெட்டியில் நானே புள்ளடி போட்டேன். இங்கே வந்து நான் நிரப்பிய அத்தனை படிவங்களிலும் யாரிடமும் கேட்காமல் போட்டது அந்த ஒன்றுதான்.

டாக்டரின் முகம் மாறியது. அவர் மெதுவாகச் சொன்னதை வாணி இன்னும் மெதுவாகச் சொன்னாள். செப்பு அனேகமாக வெளியே வந்துவிட்டது. ஈயத்துக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள், பொறுத்துப் பார்க்கலாம். பாதரசம் என்றால் பொறுக்க முடியாது, சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதற்கு ஒரு ஊசி இருக்கிறது. மிகவும் நோகும், அதற்கும் கெடுதல்கள் உண்டு, தேவையில்லாமல் ஏற்ற விருப்பமில்லை. ஆய்வுகூடத்தில் சனிக்கிழமை ஆள் இல்லை. டப்பாவில் உள்ளதைச் சோதிக்கத் திங்களாகும். அந்த ரவைகளில் என்ன இருந்தது என்று தெரிந்த ஆள் யாராவது உண்டா? நான்கு மணி வரை பார்ப்பார். பிறகு ஊசியை ஏற்றுவார்.

முசியே றொபேரின் வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. பிலாருக்கு எடுத்தேன். என் பிரெஞ்சு முழுவதும் நான்கு சொல்லாகச் சுருங்கியது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சனிக்கிழமை அந்தாள் சுடுற இடத்தில நிக்கும். நான் போறன்" என்றாள். அந்த இடம் ஊருக்கு வெளியே, மேட்டுக்கு மேலே. அவளிடம் கார் இல்லை.

6

இரண்டரை மணிக்கு, செய்தி கேட்டு, இவர் ஏப்ரனோடு ஓடி வந்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்ல இவருக்கு முழு உரிமை இருந்தது. சொல்லவில்லை. வாணியின் காலடியில் இருந்து, போர்வைக்கு மேலால் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "படிவத்தில என்ன போட்டனீர்?" என்று கேட்டார்.

"வேலை எண்டு."

ஏப்ரனைக் கழற்றி மடித்தார். "சரி" என்றார். "வாற கடிதத்தை நான் வாசிக்கிறன்."

நான் நடைபாதையில் நடந்துகொண்டு கணக்குப் பார்த்தேன். புளியில் பாதரச உப்பு கரைந்திருந்தால் அது பித்தளையின் மேல் வெள்ளி போலப் படிந்திருக்க வேண்டும். இதை எத்தனை வருடம் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன்: செப்புத் தகடு, ஒரு துளி கரைசல், பிள்ளைகள் "ஆ" என்று வாய் திறப்பார்கள். நான் எடுத்த இருநூறு கோதுகளில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. எல்லாம் பொன் நிறம். ஒவ்வொன்றையும் என் கண்ணால் பார்த்துத் துடைத்தேன். அப்படியானால் பாதரசம் இல்லை.

உள்ளே போய் இதை டாக்டருக்குச் சொல்லச் சொன்னேன். வாணி தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். முன்பு என்ன வேலை செய்தேன் என்று விசாரித்தார். பிறகு, "மடாம், உங்களுக்கு நிச்சயமோ எண்டு கேக்கிறார்" என்றாள் வாணி.

ஒரு மாணவி இந்த விடையை எழுதியிருந்தால் பத்துக்குப் பத்துப் போட்டிருப்பேன். கட்டிலில் கிடந்தது என் பிள்ளை. பாதரசம் கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

"நிச்சயம் இல்லை எண்டு சொல்லு."

வாணி உடனே மொழிபெயர்க்காமல் என் பக்கம் திரும்பினாள். "இல்லையம்மா, நீங்கள் சொன்னது சரிபோலத்தான் கிடக்கு" என்றாள். மூன்று வருடத்தில் அவள் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றே காலுக்குத் தாதி ஒரு தட்டில் ஊசியையும் மருந்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்றரைக்கு டாக்டர் வந்து கையைக் கழுவினார். முசியே றொபேர் வரமாட்டார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வந்து என்ன சொல்ல முடியும் அவரால்? வந்தால் அவருக்குத்தான் வழக்கு. வீட்டில் இருந்துகொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதுதான் புத்தி. நானே அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. முதலில் வந்தவள் பிலார். முழங்கால் வரை சேறு. பாதித் தூரம் பாற்கார வண்டியில் ஏறிப் போனாளாம், மீதி நடை. அவளுக்குப் பின்னால் முசியே றொபேர். சுடுகிறவர்கள் போடும், தோளில் தோல் தைத்த சட்டையோடு, காதுமூடி கழுத்தில் தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு கடதாசி. வீட்டுக்குப் போய் மேசை லாச்சியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே டாக்டரிடம் போய்க் கடதாசியை நீட்டி மூன்று சொல் சொன்னார். அந்த மூன்றையும் எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. பா தெ மெர்கூர். பாதரசம் இல்லை. டாக்டர் கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். பொன்னைச் சோதிக்கிற ஆய்வுகூடத்தின் முத்திரை அதில் இருந்தது. சரக்கை வாங்க முன்னம் முசியே றொபேர் அமோர்ஸையும் கோதையும் அங்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார். டாக்டர் தலையாட்டித் தாதியைப் பார்த்தார். அவள் ஊசித்தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மேசையில் கிடந்த படிவத்தை முசியே றொபேர் எடுத்தார். என் புள்ளடியைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்து, அதற்குக் கீழே தன் பெயரையும் பட்டறை விலாசத்தையும் எழுதி, கையெழுத்து வைத்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நீளமாகப் பேசினார். பாதியில் நின்று, காதுமூடியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மீண்டும் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னவாம், பிள்ளை?"

"பாதரசம் இருந்தா பித்தளை வெடிச்சுப் போகுமாம், ஒருத்தரும் வாங்கமாட்டினமாம். அதுக்காகத்தான் சோதிச்சுப் பாத்தவராம்." அவள் கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்தாள். "பித்தளைக்காகத்தான் பாத்தனான், உங்களுக்காகப் பாக்க எனக்கு நினைவே வரேல்லை எண்டு சொல்லுறார், அம்மா."